ஆட்டம் நாலு மணிக்கு

டிவி வரவில்லை.

அவன் ரிமோட்டை இன்னொரு தடவை அழுத்தினான். நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தினான்.

திரை கருப்பாகவே இருந்தது. கீழ் ஓரத்தில் எப்போதும் எரியும் சின்னச் சிவப்புப் பொட்டுகூட இல்லை.

புதுப் பேட்டரி போட்டான். வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மூன்று ஐம்பது. ஆட்டம் நாலு மணிக்கு.

வாசல் கதவைத் தாழ் போட்டிருந்தான். ஜன்னலையும் சாத்தியிருந்தான். பட்டப்பகலில், சொந்த வீட்டில், திருட வந்தவனைப் போல நின்றுகொண்டிருந்தான் சீனிராஜ்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் செல்போன் சார்ஜரைச் சொருகினான். சார்ஜ் ஏறியது. ஸ்டெபிலைசரை ஒதுக்கிவிட்டு நேராகச் சுவரில் கொடுத்தான். ம்ஹும். எல்லாவற்றையும் கழற்றி, டிவிக்குப் பின்னால் இருந்த பொத்தானை முப்பது எண்ணும்வரை அமுக்கிப் பிடித்திருந்து, மறுபடி கொடுத்தான்.

உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம்.

அவ்வளவுதான்.

"வந்து தொலையேன், சனியனே!"

கோவில்பட்டியைச் சுற்றி எந்தத் தோட்டத்து மோட்டார் நின்றாலும் அவனுக்குத்தான் போன் வரும். காயில் கட்டுவதில் இருபத்தாறு வருஷம். கருகிப் புகைந்ததையெல்லாம் ஓட வைத்தவன். இரண்டு விரல் தடிமன் இல்லாத இந்தச் சாமான் அவனை முறைத்துக்கொண்டு நிற்கிறது.

பக்கவாட்டில் ஓங்கி ஓர் அறை விட்டான்.

டிவி சுவரில் ஆடி நின்றது. கைதான் எரிந்தது.

பக்கத்து வீட்டில் எஸ்தர் டீச்சரின் டிவி அலறிக்கொண்டிருந்தது. அவன் மனைவி கோமதி அங்கேதான் இருந்தாள். மகள் ஆடும் ஆட்டத்தையெல்லாம் நாலு வருஷமாக அங்கே போய்த்தான் பார்க்கிறாள். இந்த வீட்டு டிவியில் அந்த முகம் வரக் கூடாது என்று சொன்னவன் அவன்தான்.

நாலு வருஷத்துக்கு முன்னால், மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சுபாஷினி ஹாக்கி மட்டையைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய் பஸ் ஏறிவிட்டாள். கேசரித் தட்டும் கையுமாக அவன் நின்றான், இருபது பேருக்கு நடுவில்.

"எனக்கு மகளே இல்ல!"

அன்றைக்கு அவன் போட்ட சத்தத்தைத் தெருவே கேட்டது. தெரு மறக்கவில்லை.

அதனால்தான் தாழ்ப்பாள்.

டிவியைச் சுவரிலிருந்து இறக்கிக் கட்டிலில் குப்புறப் போட்டான். திருப்புளி வழுக்கி உள்ளங்கையைக் கிழித்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டு மூடியைப் பெயர்த்தான்.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு கண்டென்சர். தலை உப்பி நின்றது. மாற்றினால் பத்து நிமிஷ வேலை. அவன் கடையில் கண்டென்சருக்குப் பஞ்சமில்லை. எல்லாம் மோட்டாருக்கானது, மணிக்கட்டுத் தடிமன். இது விற்கிற கடை ஞாயிற்றுக்கிழமை திறக்காது.

டிவி விற்றவனைத் திட்டினான். வந்து வந்து போகிற கரண்டைத் திட்டினான். ஆட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்தவனைத் திட்டினான். ஆடப் போனவளையும் திட்டினான். திட்டத் திட்ட, சுவருக்கு அந்தப் பக்கம் விசில் ஊதும் சத்தம் துல்லியமாகக் கேட்டது.

பிறகு ஒரு கூச்சல்.

பிறகு கோமதியின் குரல். "ஐயோ!"

அவன் சுவரில் காதை வைத்தான்.

ஒன்றும் விளங்கவில்லை. நல்ல ஐயோவா, கெட்ட ஐயோவா? முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளின் ஐயோ பிடிபடவில்லை.

சுவரை முஷ்டியால் குத்தினான். அந்தப் பக்கம் யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஐந்தேகாலுக்குக் கதவு படபடவென்று தட்டப்பட்டது.

கோமதி. மூச்சு வாங்கினாள். அவனைத் தள்ளிக்கொண்டு சாமி அலமாரிக்குப் போனவள், கட்டிலைப் பார்த்து நின்றாள். முதுகு பிளந்து கிடந்த டிவி. தலையணை மேல் ஸ்குரூக்கள்.

"செய்தி பாக்கலாம்னு..." என்றான்.

அவள் திருநீற்றை அள்ளி நெற்றியில் இழுவினாள். கொஞ்சம் முந்தானையில் முடிந்துகொண்டாள். அவனுக்குப் பூசவில்லை.

"ரெண்டுக்கு ரெண்டு. பெனால்டிக்குப் போயிருச்சு. எம்பிள்ள தனியா கோல்ல நிக்கப் போறா." வாசலுக்குத் திரும்பினாள். "வாரதுன்னா வாங்க. இல்லைன்னா இருந்து செய்தி பாருங்க."

போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை.

அவன் கட்டிலைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான்.

எஸ்தர் டீச்சர் வீட்டுக் கூடத்தில் தெருவே உட்கார்ந்திருந்தது. அவன் நிலைப்படியில் நின்றதும் பத்துத் தலைகள் திரும்பின. அவன் கையில் இன்னும் திருப்புளி இருந்தது. யாரும் 'வாங்க' என்று சொல்லவில்லை. டீச்சர் மட்டும் டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார்.

திரையில் இரண்டு கோல்கீப்பர்கள். ஒருத்தி பச்சை, ஒருத்தி மஞ்சள். இரண்டு பேருக்கும் தலைக்கவசம், கம்பி போட்ட முகமூடி, யானைக்கால் போலக் கால்களில் மெத்தை. முகம் தெரியவில்லை. உயரமும் ஒன்றாகவே இருந்தது.

அவன் பச்சையைப் பார்த்தான். மஞ்சளைப் பார்த்தான். மறுபடி பச்சையை.

நடுவர் கையை உயர்த்தினார்.

"இதுல..." செருமிக்கொண்டான். "இதுல நம்ம பிள்ள எது?"



கோமதி திரும்பவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், பக்கத்துத் தரையில் கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

உட்காரச் சொல்கிறாளா, வாயை மூடச் சொல்கிறாளா?

அவன் உட்கார்ந்தான்.