கைதிக்கு மூன்று வேளை

நீதிமன்ற வாசலில் தொடங்கிய வரிசை கோட்டைக் கதவைத் தாண்டி ஆற்றுப்பாலம் வரை நின்றது.

"சரளா, இங்க வா. உன் ஊரே ஜெயிலுக்குப் போவுது," என்றான் ஜெயராஜ்.

கம்ப்யூட்டர் விளையாட்டை ஆடிப் பார்த்துத் தப்பு கண்டுபிடிப்பது அவன் வேலை. தப்பு கிடைத்தால் அவனுக்குத் தீபாவளி.

சரளா நாற்காலியோடு உருண்டு வந்து டப்பா மானிட்டரைப் பார்த்தாள். அவள் விதி எழுதிய பழங்காலத்து ராஜ்ஜியம். உழுகிறவன், கொல்லன், தச்சன் எல்லோரும் விரல் நகம் அளவு. ஒவ்வொருவனாக ரொட்டிக் கடையில் ஒரு ரொட்டியைத் திருடினான். ஓடவில்லை. அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நேராக நீதிமன்ற வரிசையில் போய் நின்றான்.

ஒருவனும் கடிக்கவில்லை. அது சாட்சி.

உள்ளே நீதிபதி ஓயாமல் ஒரே தீர்ப்பைச் சொல்லிக்கொண்டிருந்தார். கல் குவாரி. கல் குவாரி. கல் குவாரி.

தீர்ப்பு வாங்கியவன் துள்ளிக்கொண்டு போனான். அந்தத் துள்ளலை சரளா எழுதவில்லை. மனநிறைவுப் புள்ளி ஏறினால் இந்த விளையாட்டில் ஆட்கள் தானாகவே துள்ளுவார்கள்.

மதியம் லண்டன்காரர் வருகிறார். விளையாட்டுக்குப் பணம் போடுகிறவர். நீதிமன்றம் அவருக்குப் பிடிக்காவிட்டால் அந்தப் பகுதியே இருக்காது என்று முதலாளி வைத்தீஸ்வரன் காலையிலேயே சொல்லிவிட்டார். சரளாவை வேலைக்கு எடுத்ததே நீதிமன்றத்துக்காகத்தான். அது போனால் அவளும் இந்த ஆஸ்டின் டவுன் ஆபீஸ் மாடிப்படியில் இறங்கிப் போக வேண்டியதுதான்.

வைத்தீஸ்வரன் வந்து எட்டிப் பார்த்தார். காரணம் பார்த்ததுமே தெரிந்தது. கைதிக்கு மூன்று வேளைச் சாப்பாடு. வயலில் உழைக்கிறவனுக்கு ஒரு வேளை, அதுவும் விளைந்தால்.

"ஏம்மா, திருடனுக்கு மூணு வேளையா? நம்ம ஆபீஸ்லயே ஒரு வேளைதானேம்மா போடறோம்."

"கல்லு ஒடைக்கணும்ல சார்."

பொம்மசந்திரா பக்கத்துக் குவாரியில் அவளுடைய அப்பாவும் அம்மாவும் கல் உடைத்தவர்கள். சாப்பிடாதவனால் சம்மட்டியைத் தூக்க முடியாது. தூக்கினாலும் அது அவன் கால்மேல்தான் இறங்கும். கல்லுடைக்கிற உடம்புக்கு என்ன வேண்டுமோ அதை அவள் எழுதியிருந்தாள். கருணையெல்லாம் இல்லை.

"இது தண்டனைம்மா. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணு. ஒரு வேளையாக் கொறை."

குறைத்தாள். ஜெயராஜ் ஆட்டத்தை முதலிலிருந்து ஓட்டினான்.

வரிசை இல்லை. வைத்தீஸ்வரன் முகத்தில் வெளிச்சம் வந்தது.

கொஞ்ச நேரத்தில் குவாரியில் ஒருவன் உட்கார்ந்தான். அவன் பக்கத்தில் இன்னொருவன் படுத்தான். கல் வரவில்லை. கோட்டைச் சுவர் முழங்கால் உயரத்தோடு நின்றுபோனது. பக்கத்து நாட்டுப் படை குதிரையைவிட்டு இறங்காமலேயே அதைத் தாண்டி உள்ளே வந்தது.

"அம்மா தாயே, மூணு வேளையே போடு," என்றார் வைத்தீஸ்வரன். படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

லண்டன்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரை முன்னால் உட்கார்ந்தார். ராஜ்ஜியம் நன்றாகத்தான் தொடங்கியது. பிறகு ஒருவன் ரொட்டியைத் தூக்கிப் பிடித்தான்.

வரிசை வளர்ந்தது. உழுகிறவர்கள் தீர்ந்து வரி வசூலிக்கிறவன் வந்தான். சிப்பாய்கள் ஈட்டியை ஒரு கையிலும் ரொட்டியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மானிட்டரை அணைக்கக் கையை நீட்டினார் வைத்தீஸ்வரன். லண்டன்காரர் அந்தக் கையைப் பிடித்து மெதுவாக நகர்த்தி வைத்தார்.

சரளா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயராஜ் அவள் தோளை இடித்தான்.

வரிசையின் கடைசியில் ஒரு கிரீடம்.

வயலில் ஆள் இல்லை. களஞ்சியத்துத் தானியமெல்லாம் குவாரிக்குப் போயாயிற்று. அரண்மனை அடுப்பு அணைந்துவிட்டது. பசிக்கான விதியை சரளா எல்லோருக்கும் ஒன்றாகத்தான் எழுதியிருந்தாள். ராஜாவுக்கென்று வேறு எழுத அவளுக்குத் தோன்றவில்லை. ராஜா முறைப்படி நின்றார், உள்ளே போனார், தீர்ப்பு வாங்கினார், துள்ளிக்கொண்டு குவாரிக்குப் போனார்.

லண்டன்காரர் சிரித்த சிரிப்பில் அவருடைய மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீதிமன்றம் வேண்டாம் என்றார்.

சரளா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

இப்போதைக்கு வேண்டாம் என்றார் அவர் மறுபடியும். முதலில் கூலியும் களஞ்சியமும் வேண்டுமாம். அதை இங்கே யார் செய்வது என்று கேட்டார்.

வைத்தீஸ்வரன் கண் இமைக்காமல் சரளாவைக் காட்டினார். களஞ்சியத்துக்கென்றே எடுத்த ஆள் என்றார்.

இரண்டு பேரும் பேசிக்கொண்டே வெளியே போனார்கள். சரளா பையைக் கழற்றினாள். ஆட்டத்தை நிறுத்தப் போன ஜெயராஜ் கையை எடுத்துக்கொண்டான்.

ராஜ்ஜியத்தில் இன்னும் ஒருவர் மிச்சமிருந்தார்.

நீதிபதி மேடையிலிருந்து இறங்கினார். அங்கியைத் தரையில் இழுத்துக்கொண்டே ஆளில்லாத தெருவில் நடந்தார். கடையில் ஒரு ரொட்டியை எடுத்தார். தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து, நீதிமன்ற வாசலில் வரிசையின் முதல் ஆளாக நின்றார்.

உள்ளே நாற்காலி காலி.

நின்றார். இந்தக் காலை மாற்றி அந்தக் காலில் நின்றார். ரொட்டியைக் கடிக்கவில்லை.

"பாவம், சரளா. இந்தாளுக்கு யாரு தீர்ப்பு சொல்றது?"

"கொஞ்ச நேரம் நிக்கட்டும். வா, டீ குடிச்சிட்டு வரலாம்."