விரைவில் காலியாகும்

செங்கற்களை மாலையாகப் போட்டுக்கொண்டு விளம்பரத்தில் ஆடியதால், வீட்டுத் தரகர் மருதப்பனை மதுரையில் எல்லோருக்கும் தெரியும். இந்த வருடம் அவர் வைத்த பலகைகள் அதைவிட அதிகம் பேசப்பட்டன. எந்த வீடு எந்த மாதம் காலியாகும் என்று கணினி முன்கூட்டியே சொன்னது. அவர் அதை அப்படியே தெருமுனைப் பலகையிலும் போன் செயலியிலும் போட்டார். மூன்று வீடுகள் சொன்ன மாதத்திலேயே காலியாயின. மூன்றிலும் தனியாக இருந்தவர்கள் இறந்துபோயிருந்தார்கள்.

நான்காவது வீட்டின் பங்கஜவல்லி டீச்சர் ஒருநாள் காலையில் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"தம்பி, என் வீட்டுக்கு மாசின்னு போட்டிருக்கீங்க."

"மெஷின் தப்பாச் சொல்லியிருக்கும்க்கா. எடுத்துடுறேன்."

"மத்த மூணும் தப்பாகலையே. வெளியூர்ல இருக்குற மகளுக்கு வைகாசியில கல்யாணம். ஒரு நாலு மாசம் தள்ளிப்போட முடியுமான்னு கேக்கத்தான் வந்தேன்."

மருதப்பன் கணினியைத் திறந்தார். டீச்சரின் கண்ணெதிரிலேயே மாசியை அழித்துவிட்டு ஆனி என்று மாற்றினார். டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார்.

வாசலில் நின்றிருந்த ஒரு தம்பதி போனில் அந்த மாற்றத்தைப் பார்த்துவிட்டு டீச்சரை மறித்தார்கள்.

"என்ன டீச்சர், ஆனிக்குத் தள்ளிட்டீங்க? பங்குனியில பால் காய்ச்ச நாங்க நாள் குறிச்சுட்டோமே," என்றாள் அந்தப் பெண், நிஜமான வருத்தத்தோடு.

ஜன்னலோரம் நின்று மருதப்பன் பார்த்தார். டீச்சர் அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.