சீன வருஷப்பிறப்பன்று ஒரு நெஞ்சுவலி

பர்மாவில், பபேடான் பேட்டையில் இரும்புக்கடை வைத்திருக்கும் சீனர் ஊ சோ வின், சிவப்புக் காகித விளக்குகளுக்குக் கீழே நெஞ்சைப் பிடித்தபடி நாற்காலியில் சரிந்து கிடக்கிறார். முகம் சாம்பலாய் வெளுத்து, புதுச்சட்டை வியர்வையில் தொப்பலாகிவிட்டது. அவர் மனைவி அந்தச் சட்டையைத் தூக்கி, வாய்வை இறக்க, பீங்கான் கரண்டியால் முதுகைச் சிவக்கச் சிவக்கச் சுரண்டுகிறாள். "வெறும் வாய்வு. வருஷப்பொறப்பன்னிக்கு ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சா வருஷம் பூரா மிதிக்கணும். நாளைக்குப் போயிக்கலாம்" என்று பர்மியத்தில் சொல்கிறாள். ஆரஞ்சுப் பழங்களோடு வாழ்த்த வந்தவர்களும் ஆமாம், ஆமாம் என்று தலையாட்டுகிறார்கள். என்ன தலைகளோ! வாசலில், ஆஸ்பத்திரிக்குப் போக வரவழைத்த டாக்சிக்காரர் சிவநாதனின் வண்டி கதவைத் திறந்துகொண்டு உறுமுகிறது. "அண்ணே, எஞ்சினை நிறுத்திராதீங்க!" என்று கத்துகிறாள் தமிழ் மருமகள் ரேவதி. மாமனாரின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கப் பார்க்கிறாள். மாமியார் அந்தக் கையைத் தட்டிவிடுகிறாள். "நல்ல நாளும் அதுவுமா ஏன் கத்துறே?" "யாருக்கு அத்தை நல்ல நாள்? அவரைப் பாருங்க!" யாரும் பார்க்கவில்லை. தெருவில் மேளம் கேட்கிறது. சிங்க ஆட்டக்காரர்கள் வருகிறார்கள். வந்திருந்தவர்கள் சிரித்துக்கொண்டே வாசலுக்கு ஓடி, டாக்சியின் கூரையில் தட்டுகிறார்கள். வீட்டுக்குள் கெட்டது எதுவும் நுழையாமல் விரட்டப் போகிற சிங்கமாம். அதற்கு வழிவிட, வண்டியை எடுக்கச் சொல்கிறார்கள்.