ரத்த உறவில் ஒரு ஜாமீன்

ரத்த உறவில் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்று வக்கீல் சொன்னபோது, கணவனுக்கு அப்படி யாருமில்லை என்று மலர்க்கொடி கைவிரித்திருந்தாள். இருந்த ஒரே அண்ணனை வரப்புத் தகராறில் மண்வெட்டிக் காம்பால் அடித்துவிட்டுத்தான் அவன் உள்ளே போயிருந்தான். இன்றைக்கு ஜாமீன்தாரரைக் கூப்பிட்டதும், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றவர் அந்த அண்ணன் செங்கோடன்தான்.

“கோர்ட்டுக்குள்ள என்னய்யா தலப்பா? அவுரு” என்று டவாலி அதட்டினார்.

செங்கோடன் துண்டை அவிழ்த்தார். உள்ளே நெற்றிவரை வெள்ளைக் கட்டு. காதோரம் மருந்து மஞ்சளாக ஊறியிருந்தது.

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். “அடிபட்டதே நீங்கதானே?”

“ஆமாங்க.”

“நீங்களே ஜாமீன் நிக்கறீங்களா?”

“அவனுக்கு வேற யாருங்க இருக்கறாங்க?”

“அப்ப சமாதானமாப் போயிடலாமே?”

“அதெப்படிங்க? கேசு நடக்கட்டும். வாய்தா தவறாம அவனைக் கூட்டியார்றது என் பொறுப்பு.”

கூண்டில் நின்ற மலர்க்கொடியின் கணவன் அந்தக் கட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. செங்கோடன் கையெழுத்துப் போட்டார். தம்பி பக்கம் திரும்புமுன், கட்டு வெளியே தெரியாதபடி துண்டை இழுத்துக் கட்டிக்கொண்டார்.