மூன்று வரி லீவுக் கடிதம்

“‘ரிட்டர்ன் பேக்’ எண்டு ஏன் போட்டனீங்கள்? ரிட்டர்ன் எண்டாலே திரும்பி வாறதுதானே. பிறகு அந்த ‘பேக்’ என்னத்துக்கு?”

வெள்ளவத்தை மாடி வீட்டில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் சுபோதினி ரீச்சர் கேட்டார். ஜீவராஜ் லீவுக் கடிதத்தை நீட்டி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“கொஞ்சம் பலமா இருக்கட்டும்னு போட்டேன் மிஸ்.”

“‘த ரீசன் இஸ் பிகோஸ்’. ரெண்டும் ஒரே வேலையைத்தான் செய்யுது. ஒண்டை வீட்டுக்கு அனுப்புங்கோ. ‘அட் திஸ் பொயின்ட் ஒஃப் டைம்’ எண்டு இழுக்கத் தேவையில்லை, ‘நவ்’ எண்ட ஒரு சொல்லே காணும்.”

ஜீவராஜ் ஒருகொடவத்தை கண்டெய்னர் யார்ட்டில் கிளார்க். வெள்ளிக்கிழமை ஹட்டனில் தங்கைக்குக் கல்யாணம். அப்பா இல்லாத வீடு, அவன்தான் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். மனேஜர் றேமண்ட் இங்கிலீஷில் எமகாதகர். கடிதத்தை உள்ளே கொண்டுபோவார், அரை மணியில் பிழைக்கெல்லாம் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பித் தருவார். இரண்டு முறை விரட்டிவிட்டார். நாளையும் விரட்டினால் கல்யாணத்துக்கு அண்ணன் இல்லை.

“ஒரு வார்த்தை கூடினாலும் அந்த மனுசன் கண்டுபுடிச்சிடுறாரு மிஸ். நான் தோட்டத்து ஸ்கூல்ல படிச்சவன். தங்கச்சி தெனமும் போன் பண்ணி அழுவுது.”

ரீச்சர் அவனையே சற்றுப் பார்த்தார். பிறகு மளமளவென்று வெட்டினார். ஒரு பக்கக் கடிதம் மூன்று வரியானது.

“இவ்வளவு சின்னதாவா? மரியாத இல்லனு கோவிச்சுக்க மாட்டாரா?”

“மாட்டார். கொண்டுபோய்க் குடுங்கோ.”

மறுநாள் றேமண்ட் கடிதத்தோடு உள்ளே போனார். அந்த அரை மணியும் ஜீவராஜ் கதவுக்கு வெளியே குறுக்கும் நெடுக்கும் நடந்தான். வெளியே வந்தவர் முகத்தில் கடுகடுப்பு இல்லை.

“இப்பதான் இங்கிலீஷ் மாதிரி இருக்கு. போயிட்டு வா,” என்று கையெழுத்துப் போட்டார்.

ஜீவராஜ் யார்ட் ஓரத்துக்கு ஓடிப்போய் ரீச்சருக்குப் போன் எடுத்தான்.

“லீவு கெடைச்சிருச்சு மிஸ். ஒரு வட்டம்கூட இல்ல. உங்களுக்குக் கோயில் கட்டிக் கும்பிடணும்.”

“கோயில் வேண்டாம் தம்பி, என்னை மன்னிச்சால் காணும்,” என்றார் ரீச்சர். “உங்கட மனேஜர் தனக்கு வாற கடிதமெல்லாத்தையும் படம் எடுத்து எனக்குத்தான் அனுப்புறவர். நான் போட்டு அனுப்புற வட்டத்தைப் பார்த்துத்தான் அவர் கீறுறவர். அந்த ரெண்டு தரமும் உங்கட லீவை மறிச்சது நான்தான்.”