அலமாரிக்குள் ஒரு பாட்டு

கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். பொய்யென்றால் மிச்சமிருக்கும் நாலு பல்லும் இப்போதே உதிரட்டும். அடுத்த வீட்டுத் தபால்காரன் தன் அக்காவின் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து, தானே கட்டிய பாட்டைப் பதிவு செய்கிறான். கேட்க அக்காவையும் என்னையும் விட்டால் ஆளில்லை. நாளை அவனுக்குத் தொண்டையில் ஆபரேஷன். குரல் மிஞ்சுமா என்று கேட்டதற்கு டாக்டர் கையை விரித்துவிட்டார். சுவர் பிளக்கிலிருந்து வரும் ஒயர் கதவிடுக்கில் நுழைகிறது. உள்ளே ரெக்கார்டரின் சிவப்பு விளக்கு, தொங்கும் துணிகளுக்கெல்லாம் மாதுளை நிறம் பூசுகிறது. “டேய், துணியெல்லாம் கசங்குதுடா!” “ஒரே பாட்டுக்கா. மூணு நிமிஷம் பேசாம இரு.” “பொறந்ததுலேர்ந்து என்னை எங்கடா பேச விட்ட? பாடித் தொலை.” கரகரத்த குரல் எழும்புகிறது. குழாயில் திரண்ட சொட்டு விழாமல் தொங்குகிறது. அடுப்பில் பொங்கிய பால் பாத்திர விளிம்பிலேயே நின்று எட்டிப் பார்க்கிறது. ஜன்னலுக்கு வெளியே ஒரு புறா சிறகை விரித்தபடி காற்றிலேயே உட்கார்ந்திருக்கிறது. அக்கா கரண்டியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறாள். கடைசி அடி உடையாமல் கரை சேர்கிறது. கேசட் ‘டக்’கென்று நிற்கிறது. “பதிஞ்சிடுச்சாக்கா?” அக்கா மூக்கை உறிஞ்சுகிறாள். “எல்லாம் பதிஞ்சிடுச்சுடா.” காலையிலிருந்து எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை.