நனையாத கூடு

காட்டு ஆய்விதழுக்குத் தையல்சிட்டு ஒரு கட்டுரை கொண்டுவந்தது. மழையில் நனையாத கூடு தைத்துவிட்டதாக அதில் எழுதியிருந்தது.

ஆசிரியர் ஆமை கேட்டது: "எப்படித் தைத்தாய் என்று சொல்லவில்லையே, அம்மா?"

"சொன்னால் எல்லாரும் தைத்துவிடுவார்களே!"

"தைக்கட்டுமே. அப்போதுதானே நிஜமா என்று தெரியும்?"

சிட்டு முணுமுணுத்துக்கொண்டே செய்முறை முழுவதையும், முன்பு தைத்துக் கிழிந்துபோன கூடுகளின் கதையையும் சேர்த்து எழுதியது.

இதழைப் படித்த சில்லைக்குருவி அப்படியே ஒரு கூடு தைத்து, தண்ணீர் ஊற்றிப் பார்த்தது. உடனே பறந்து வந்தது.

"அக்கா, மேல்தையலில் ஒழுகுது!"

"என் கூடா ஒழுகும்?" என்று சீறிய சிட்டு, தன் கூட்டிலும் தண்ணீர் தெளித்தது. உள்ளே இருந்த முட்டைகள்மேலேயே சொட்டியது.

இரண்டும் அவசரமாக இன்னோர் இலையை வைத்துத் தைத்தன. அன்று மாலை மழை கொட்டித் தீர்த்தது. முட்டைகள் நனையவில்லை.

மறுநாள் திருத்தத்தோடு வந்த சிட்டு ஆமையிடம் அடம்பிடித்தது: "சில்லை பெயரை முதலில் போடுங்கள்!"